விளையாட்டு சோறு போடுமா?

கல்கிசைக் கடற்கரையில் மாலை வேளைகளில் உலாவச் செல்வோர், முட்டை வடிவான பந்தொன்றைக் கைக்குக் கை மாற்றியவண்ணம் ஈர மணலில் ஓடித் திரியும் சிறுவர் கூட்டத்தைக் கண்டிருப்பர். சில வாரங்களுக்கு முன்னர் அக்கடற்கரையில் என் மாணவன் ஒருவனுடைய தந்தையாரைச் சந்தித்தேன். மகன் நல்ல உயரமும் பருமனும் வாய்க்கப் பெற்றவன். கல்லூரி றக்பிக் குழுவின் முன்வரிசையில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. தந்தையாரின் முகத்திலே பெருமை ஒரு பங்கும் கவலை இரு பங்குமாகத் தெரிந்தன.

"மாஸ்டர், பொடியன் எந்த நேரமும் பந்தும் கையுமாய்த் திரியிறான். கேட்டால், வெளிநாட்டிலை இதுக்குச் சம்பளம் குடுக்கினம் எண்டு சொல்லுறான். நீங்கள் சொல்லுங்கோ, விளையாட்டு சோறு போடுமோ?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். ஆயினும் அக்கேள்வி என்னை விட்டபாடில்லை. போடும் என்று சொன்னால் ஓர் இளைஞனின் படிப்பைக் கெடுத்தவனாவேன். போடாது என்று சொன்னால் உண்மையை மறைத்தவனாவேன். ஏனெனில் சோறு போட்டதுண்டு. சோற்றுக்கு மேலாக, ஒரு பழங்குடி மகனைத் தன் நாட்டுக் குழுவின் தலைவனாக்கியதும் உண்டு. அவுஸ்திரேலியாவின் ஆர்தர் பீட்சன் என்னும் முன்வரிசை வீரரின் வரலாற்றை அறிந்தோர் இதனை நன்குணர்வர். அவ்வரலாற்றை இங்கு சற்று விரித்துரைப்பது, தந்தையார்க்கும் மைந்தர்க்கும் ஒருங்கே பயன்படும் என்று எண்ணுகிறேன்.

சம்பளம் கேட்டதால் பிறந்த ஆட்டம்

நம் நாட்டில் ஆடப்பெறும் றக்பி, ஒரு பக்கத்துக்கு 15 பேர் ஆடுவது. அதனை றக்பி யூனியன் என்பர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இங்கு வந்து வேரூன்றிய ஆட்டம் இது. 1879 இல் கொழும்பிலே இதற்கென ஒரு கழகம் தோன்றியது. 1908 இல் இலங்கை றக்பிச் சங்கம் அமைந்தது. கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டித் திரித்துவக் கல்லூரியும் பிராட்பிக் கேடயத்துக்காக 1945 முதல் மோதி வருவதை அறியாத மாணவர் இலர். 1950 இல் அவுஸ்திரேலியா, நியூஸிலாந்துப் பயணத்தை முடித்துத் திரும்பிய பிரித்தானிய லயன்ஸ் குழுவும் கொழும்பில் இறங்கி நம்மவரோடு ஓர் ஆட்டம் ஆடிச் சென்றது. அன்று அவ்விரு குழுவினரும் ஊதியமின்றியே ஆடினர். பணம் பெற்று ஆடுவது அக்காலத்து யூனியன் சங்கங்களின் கண்ணுக்குப் பெருங்குற்றமாகும்.

பீட்சன் ஆடியதோ வேறு ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 13 பேர் ஆடும் றக்பி லீக் அது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இவ்விரு ஆட்டங்களும் பிரிந்தமைக்குக் காரணம், நம் நண்பர் கேட்ட அதே சோற்றுக் கேள்விதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வட பகுதியில் றக்பி ஆடியவர்களுட் பலர் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். தெற்கே ஆடியவர்களுள் வசதி படைத்தோர் மிகுதி. சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். இழந்த அக்கூலியையாவது கழகம் ஈடு செய்ய வேண்டும் என்று வட பகுதியினர் கேட்டனர். 1893 இல் அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 1895 ஆகஸ்ட் 29 ஆம் நாள், ஹடர்ஸ்பீல்ட் நகரத்து ஜோர்ஜ் ஹோட்டலிலே இருபதுக்கும் மேற்பட்ட கழகங்களின் பிரதிநிதிகள் கூடித் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை நிறுவினர். அதுவே பின்னர் றக்பி லீக் ஆயிற்று. 1906 இல் ஆட்டக்காரர் தொகையை 13 ஆகக் குறைத்து, ஆட்டத்தின் வேகத்தையும் கூட்டினர். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1908 இல் லீக் போட்டிகள் தொடங்கின.

லீக் ஆட்டத்துக்குச் சென்றவனை யூனியன் சங்கங்கள் ஆயுட்காலத்துக்கும் விலக்கி வைத்தன. பணத்தைத் தொட்டவன் தீட்டுப்பட்டவன் என்ற எண்ணம் நூறாண்டு நிலைத்தது. 1995 ஆகஸ்டில் யூனியன் ஆட்டமும் ஊதியத்துக்குக் கதவு திறந்துவிட்டபோதுதான் அந்த எண்ணம் ஒழிந்தது. கூலியிழந்த தொழிலாளி கேட்டது பேராசையன்று, நியாயமே என்பதை ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் சென்றது!

முன்வரிசையின் தொழில்

றக்பியிலே பந்தைக் கையால் முன்னோக்கி எறியலாகாது. பின்னால் நிற்பவனுக்கே வழங்கலாம். ஆகவே, களத்திலே ஓரடி முன்னேற வேண்டுமாயினும், பெரும்பாலும் ஒருவன் பந்தைச் சுமந்துகொண்டு எதிரிகளின் மதிலை நோக்கி ஓடியாக வேண்டும். மதில் அவனைப் பிடித்து வீழ்த்தும். எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, மீண்டும் அடுத்த மோதலுக்கு அணியமாக வேண்டும். இத்தொழிலைச் செய்பவர்களே முன்வரிசை வீரர்கள். லீக்கில் ஒரு பக்கத்துக்கு அறுவர் உளர். எதிரி வரும்போது அவனைத் தடுத்து வீழ்த்தும் பாரமும் பெரும்பாலும் இவர்கள் தலையிலேயே விழும். இவர்கள் உடைத்துத் தந்த இடைவெளியூடாக ஓடிச் சென்று, எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி 'ட்றை' பெறுபவர் பெரும்பாலும் பின்வரிசையின் மெல்லிய வேகக்காரர். கைதட்டலும் அவர்க்கே.

தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கண்கள் யாவும் பீடத்திலே எழுந்தருளியிருக்கும் மூர்த்தியை நோக்கியிருக்கும். வடம் பிடித்து வியர்வை சிந்துவோரையும், சில்லருகே குனிந்து கட்டை கொடுப்போரையும் யார் பார்க்கின்றனர்? ஆயினும் அவர்களின்றித் தேர் நிலையை விட்டு நகராது. முன்வரிசை வீரனின் நிலையும் அத்தகையதே.

றோமா என்னும் சிற்றூர்

ஆர்தர் ஹென்றி பீட்சன் 1945 ஜனவரி 22 ஆம் நாள் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள றோமா என்னும் சிற்றூரிலே பிறந்தார். அவுஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்து, விடுதிகளிலும் பிறர் வீடுகளிலும் வளர்க்கும் கொடிய வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. அவ்வாறு பிரிக்கப்பட்ட பிள்ளைகளுள் பீட்சனின் தாயாரும் ஒருவர். இக்கொடுமைக்காக அந்நாட்டுப் பாராளுமன்றத்திலே பிரதமர் கெவின் றட் மன்னிப்புக் கோரியது 2008 பெப்ரவரி 13 ஆம் நாளில்தான்.

இளைஞர் பீட்சன் பிறிஸ்பேனுக்கு அண்மையிலுள்ள றெட்கிளிப் கழகத்திலே சேர்ந்தார். 1965 இல் அக்கழகம் பிறிஸ்பேன் போட்டியில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டே சிட்னியின் பல்மெயின் கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

இவ்வழைப்பின் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே, கழக மண்டபங்களில் காசு போட்டு ஆடும் சூதாட்டப் பொறிகளுக்கு 1956 இல் சட்டம் இடமளித்தது. அப்பொறிகளின் வருவாயாற் செழித்த சிட்னிக் கழகங்கள், குவீன்ஸ்லாந்தின் சிறந்த வீரர்களை ஒருவர் பின் ஒருவராக விலைகொடுத்து வாங்கின. மாநிலங்களுக்கிடையிலான ஆட்டத்திலோ, வீரன் எங்கு பிறந்தான் என்பது கணக்கில்லை. எங்கு ஆடுகிறான் என்பதே கணக்கு. ஆகவே சிட்னிக்குச் சென்ற குவீன்ஸ்லாந்து மைந்தர், சொந்த மண்ணுக்கு எதிராகவே ஆட வேண்டியவராயினர். பீட்சனும் அவ்வாறே நியூ சவுத் வேல்ஸ் சட்டையை அணிந்தார். பிழைப்புத் தேடி ஊரை விட்டவர் மனத்திலே கிடக்கும் வேதனை இன்னதென்று நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1966 இலேயே பிரித்தானியாவுக்கு எதிரான போட்டியில் அவுஸ்திரேலியக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அன்று நடைமுறையிலிருந்த அந்நாட்டு அரசியலமைப்பு, மக்கட்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரைச் சேர்க்கலாகாது என்று விதித்திருந்தது. 1967 மே 27 ஆம் நாள் நடந்த பொதுசன வாக்கெடுப்பிலே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஆதரித்து வாக்களித்த பின்னரே அவ்விதி நீங்கிற்று. எண்ணிக்கையிலே சேராத இனத்தின் மகன் ஒருவன், நாட்டின் சட்டையை அணிந்து நாட்டுக்காக அடி வாங்கினான்!

"அரையாட்ட ஆர்ட்டி"

பீட்சனின் வாழ்வை மாணவர்க்கு எடுத்துக் காட்டுவதற்கு அவர் பெற்ற வெற்றிகளைக் காட்டிலும் அவர் வென்ற குறைகளே ஏற்றவை. அவரிடம் இயற்கை அளித்த ஆற்றல் நிரம்ப இருந்தது. பேருடல் படைத்தவராயினும் கைவிரல்கள் மென்மையானவை. இருவர் மூவர் சேர்ந்து அவரைக் கட்டிப் பிடித்த நிலையிலும், கையை மட்டும் விடுவித்து, பின்னால் ஓடி வரும் தோழனிடம் பந்தைச் சேர்த்துவிடுவார். எதிரிகள் மூவரும் அவரிடமே சிக்கி நிற்க, தோழன் திறந்த வெளியில் ஓடுவான். இவ்வித்தையில் அவரை விஞ்சியோர் அரியர் என்பது வல்லோர் துணிபு.

ஆயினும் பயிற்சியிலே அவருக்கு நாட்டம் குறைவு; உணவிலே நாட்டம் அதிகம். முதற் பாதியில் சிங்கம் போல ஆடுபவர் பிற்பாதியில் மூச்சிரைத்து நிற்பார். ஆகவே "அரையாட்ட ஆர்ட்டி" என்று அவரை எள்ளி நகையாடினர். சினமும் அவருக்கு விரைந்து வந்தது. 1969 இல் பல்மெயின் கழகம் இறுதி ஆட்டத்துக்குத் தெரிவாகியது. அதற்கு முந்திய ஆட்டத்திலே, முறைகேடாக ஆடியமைக்காக மத்தியஸ்தர் பீட்சனை வெளியேற்றினார். தடையும் விழுந்தது. இறுதி நாளன்று அவர் பார்வையாளராக இருக்க, தோழர்கள் சவுத் சிட்னிக் கழகத்தை 11 - 2 என வென்று கிண்ணத்தை ஏந்தினர். ஆண்டு முழுவதும் உழைத்தவனுக்கு, ஒரு கண நேரச் சினம் செய்த அநியாயம் அது.

1971 இல் அவர் ஈஸ்டர்ன் சபேர்ப்ஸ் கழகத்துக்கு மாறினார். 1974 இல் ஜாக் கிப்சன் அக்கழகத்தின் பயிற்றுநராக வந்தார். கிப்சன், அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி முறைகளை ஆராய்ந்தவர். ஒவ்வொரு வீரனும் ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை எதிரியைப் பிடித்து வீழ்த்தினான் என்பதை எண்ணிக் கணக்கு வைக்கச் செய்தவர். கணக்குக்கு முன் சாக்குப் போக்குச் செல்லாது. அந்தக் கட்டுப்பாட்டின் கீழ், தலைமைப் பொறுப்பையும் ஏற்ற பீட்சன் புதிய மனிதரானார். 1974 இல் அக்கழகம் 29 ஆண்டுகளுக்குப் பின்னர் முதன்முறையாகச் சிட்னி முதன்மைப் பட்டத்தைப் பெற்றது. 1975 இல் தொடர்ந்து 19 ஆட்டங்களில் வென்று, இறுதியில் சென். ஜோர்ஜ் கழகத்தை 38 - 0 என்று தோற்கடித்தது. "அரையாட்ட ஆர்ட்டி" முழு ஆட்டக்காரரானமைக்கு இவையே சான்று.

இதற்கிடையே 1973 இல் அவர் அவுஸ்திரேலியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். எந்தவொரு விளையாட்டிலும் அந்நாட்டுத் தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய முதற் பழங்குடியினர் அவரே என்று சரித்திரம் அவரைப் போற்றுகிறது. 1977 இல் சிட்னியில் நடந்த உலகக் கிண்ண இறுதி ஆட்டத்திலே, அவர் தலைமையில் அவுஸ்திரேலியா பிரித்தானியாவை 13 - 12 என ஒரேயொரு புள்ளியால் வென்றது.

முப்பத்தைந்தாம் வயதில் ஓர் இரவு

முன்வரிசை வீரனின் உடல் முப்பதைத் தாண்டினால் இறங்குமுகம். 1980 இல் பீட்சனுக்கு வயது 35. பரமட்டா கழகத்திலே அவர் இரண்டாம் தரக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தார். கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

அவ்வாண்டு மாநிலப் போட்டியில் ஒரு புதிய பரீட்சை நடந்தது. தொடரை நியூ சவுத் வேல்ஸ் முன்னரே வென்றுவிட்டமையால், எஞ்சிய ஓர் ஆட்டத்திலே ஒவ்வொருவனும் தன் சொந்த மாநிலத்துக்கே ஆடட்டும் என்று தீர்மானித்தனர். இதுவே இன்று "ஸ்டேட் ஒப் ஒறிஜின்" என்று புகழ் பெற்று விளங்கும் போட்டியின் தொடக்கம். 1980 ஜூலை 8 ஆம் நாள் இரவு, பிறிஸ்பேன் லாங் பார்க் அரங்கிலே முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். குவீன்ஸ்லாந்தின் செந்நிறச் சட்டையை வாழ்க்கையில் முதன்முறையாக அணிந்து, தலைவராகக் குழுவை அழைத்துக்கொண்டு பீட்சன் களத்தில் இறங்கினார். அரங்கமே அதிர்ந்தது. நியூ சவுத் வேல்ஸ் பக்கத்திலே, பரமட்டா கழகத்தில் அவருடைய தோழரான மிக் குறோனினும் இருந்தார். தோழமை கழகத்தோடு நின்றது. களத்திலே இருவரும் எதிரிகளாகவே மோதினர். குவீன்ஸ்லாந்து 20 - 10 என வென்றது. ஊரை விட்டுச் சென்ற மகன் ஊருக்கே தலைவனாகி மீண்ட இரவு அது.

உடல் ஓய்ந்த பின்னர்

இனித்தான் நம் நண்பரின் கேள்விக்குரிய விடை தொடங்குகிறது. ஆட்டத்தை விட்ட பின்னர் பீட்சன் என்ன செய்தார்? தாம் கற்றதைக் கற்பித்தார். 1981 முதல் 1984 வரை குவீன்ஸ்லாந்துக் குழுவின் பயிற்றுநராக இருந்தார். அந்நான்கு ஆண்டுகளிலும் வெற்றி அம்மாநிலத்தின் பக்கமே நின்றது. 1983 இல் தேசியக் குழுவையும் பயிற்றினார். பின்னர் தமது பழைய கழகமான ஈஸ்டர்ன் சபேர்ப்ஸையும், குறொனுல்லா கழகத்தையும் பயிற்றினார். முதுமை நெருங்கிய காலத்தில் ஊரூராகச் சென்று இளம் வீரர்களைத் தேடிக் கண்டெடுக்கும் பணியை ஏற்றார். 2003 இல், அவுஸ்திரேலிய றக்பி லீக்கின் அழியாப் புகழோர் வரிசையிலே ஏழாமவராக அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2011 டிசம்பர் 1 ஆம் நாள், சைக்கிளில் சென்றுகொண்டிருந்தபோது மாரடைப்பினால் தமது 66 ஆவது வயதில் காலமானார். லாங் பார்க் அரங்கின் வெளியே இன்று அவருடைய சிலை நிற்கிறது.

உடல் தந்த சோறு முப்பதுகளின் நடுவிலேயே தீர்ந்தது. அறிவு தந்த சோறு அதன் பின்னர் முப்பது ஆண்டு நீடித்தது. முதல் பத்தாண்டில் அவர் ஆட்டத்தை உடலால் மட்டும் ஆடியிருந்தால், இரண்டாவது சோற்றுக்கு வழியே இருந்திராது.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. முன்வரிசை வீரனின் ஊதியம் உடலை அடகு வைத்துப் பெறும் ஊதியம். தோளும் முழங்காலும் தேய்வது மாத்திரமன்று. தலையில் விழும் அடிகள் மூளையையும் தாக்கும். அவுஸ்திரேலிய லீக் ஆட்டக்காரராயிருந்து மறைந்த இருவரின் மூளைகளிலே, தொடர்ந்து அடிபட்டமையால் உண்டாகும் சிதைவு நோய் காணப்பட்டதென 2019 இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். தலையில் அடிபட்டு மயங்கியவனை மீண்டும் களத்துக்கு அனுப்புவதை வீரம் என்று போற்றிய காலம் மலையேறிவிட்டது. அவனை உடனே வெளியே கொணர்ந்து வைத்தியரிடம் காட்டுவதே இன்றைய விதி. கல்லூரிக் களங்களிலும் அதனைக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும்.

மீண்டும் கடற்கரையில்

சென்ற வாரம் அதே கடற்கரையில் நண்பரைக் கண்டு, இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறினேன். மகனும் உடன் வந்திருந்தான். யாவற்றையும் பொறுமையாகக் கேட்ட நண்பர், "அப்ப, சோறு போடும் எண்டு சொல்லுறியளோ, போடாது எண்டு சொல்லுறியளோ?" என்று விடாப்பிடியாகக் கேட்டார்.

"ஆயிரம் பேர் ஆடினால் ஓரிருவருக்குப் போடும். மற்றவைக்கு அது சோறு போடாது. ஆனால் சோறு உழைக்கிற பழக்கத்தைக் குடுக்கும். தம்பி ஆடட்டும். ஆனால் படிப்பை விடக்கூடாது. உடம்பு ஓய்ஞ்ச பிறகு கையிலை ஏதாவது இருக்க வேணும்" என்றேன்.

பையன் அதுவரை வாய் திறக்கவில்லை. பின்னர், "சேர், மூண்டு பேர் பிடிச்சிருக்கேக்கை அவர் எப்பிடிப் பந்தைக் குடுத்தவர்?" என்று கேட்டான்.

நான் அறிந்த மட்டில் சொன்னேன். விழுந்துவிடாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். பந்தை மார்போடு அணைத்துக்கொள்ளாமல் கையிலே ஏந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னைச் சூழ்ந்து நிற்பவர்களை மறந்து, பின்னால் வரும் தோழனைத் தேட வேண்டும்.

அவன் தலையசைத்துவிட்டு மணலில் ஓடினான். சற்று நேரத்தில் மூவர் அவனைக் கட்டிப் பிடித்திருந்தனர். அவன் கை ஒன்று மாத்திரம் கூட்டத்துக்கு வெளியே நீண்டிருந்தது. பந்து, பின்னால் ஓடி வந்த ஒரு சின்னஞ் சிறுவனிடம் போய்ச் சேர்ந்தது. அச்சிறுவன் கடலோரம் வரை ஓடிச் சென்று பந்தை ஊன்றினான். எல்லோரும் அவனைத் தூக்கிக் கொண்டாடினர். மணலில் விழுந்து கிடந்த நம் பையனும் எழுந்து கைதட்டினான்.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் முகத்திலே, கவலை ஒரு பங்கும் பெருமை இரு பங்குமாக மாறியிருந்ததை நான் கண்டேன்.